லம்பி பரவும்போது மாடு ஏற்றுவது: உடனேயா, 28 நாள் கழித்தா?

கர்நாடகத்தில் கறவை மாடு வாங்கி ஓசூர் வழியாகக் கொண்டுவருபவர்களுக்கு, லம்பி எனப்படும் தோல் கழலை நோய் பரவும் நேரத்தில் இரண்டு வழி. தடுப்பூசி போட்ட மறுநாளே லாரி ஏற்றுவது ஒன்று. விற்றவர் ஊரிலேயே தனியாகக் கட்டி 28 நாள் காத்திருப்பது மற்றொன்று.

உடனே ஏற்றினால் தீவனக் காசு மிச்சம், அவ்வளவுதான். இந்நோய்க்கு மாட்டுக்குப் போடும் ஆட்டம்மைத் தடுப்பூசி பலன் தர மூன்று வாரம் பிடிக்கும். கிருமி ஏற்கெனவே உடம்பில் இருந்தால் ஊசி தடுக்காது. நம் தொழுவத்துக்கு வந்த பிறகுதான் கட்டி எழும்பும். கடி ஈயும் உண்ணியும் அதைப் பக்கத்து மாட்டுக்குக் கடத்திவிடும்.

காத்திருப்பதே சரி. தனிக்கொட்டகையில் ஈ, உண்ணி மருந்து தவறக்கூடாது. ஏற்றும் காலையில் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வையுங்கள்; 103 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினால் ஏற்றாதீர்கள். தோள்பட்டைக்கு முன்னால் விரலால் அழுத்துங்கள். நெறி வீங்கி உருண்டால், தோல் வழவழப்பாக இருந்தாலும் சந்தேகம்தான்.

எந்த வழியானாலும் மாட்டின் காது வில்லையில் உள்ள எண், கால்நடை மருத்துவர் சான்று இரண்டும் வேண்டும். லாரிக்கு ஆறு மாட்டுக்கு மேல் கூடாது. கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்த ஊரென்றால், தடை நீங்கும்வரை மாட்டை நகர்த்தவே கூடாது.