முப்பந்தல் காற்று, மாடிச் சூரியன், தூத்துக்குடி நிலக்கரி: குமரிக்கு எது முந்த வேண்டும்?

உள்ளே போகும் ஆற்றலில் மின்சாரமாக மாறும் பங்கு: நிலக்கரிக்கு 35, காற்றுக்கு 40, சூரியத் தகட்டுக்கு 22. மின்சாரம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த மூன்று சதவீதங்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி, பெரிய எண் எதுவோ அதுவே சிறந்தது என்று முடித்துவிடுகிறார்கள். அது பிழையான கணக்கு. தூத்துக்குடி அனல் மின்நிலையத்தின் 210 மெகாவாட் அலகில் நூறு கிலோ நிலக்கரியை எரித்தால், ஏறத்தாழ 65 கிலோவின் வெப்பம் குளிர்விக்கும் நீரோடும் புகையோடும் போய்விடுகிறது. அந்த 65 கிலோவையும் விலை கொடுத்து வாங்கி, கப்பலில் கொண்டுவந்து, சாம்பலாக்குகிறோம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் விசிறிக்குப் பிடிபடாமல் போன காற்றுக்கு யாரும் விலை கொடுப்பதில்லை. ஆகவே குமரி மாவட்டத்திலிருந்து பார்க்கும்போது என் கேள்விகள் வேறு: எந்த மாதத்தில் கிடைக்கும், எவ்வளவு இடத்தை அடைக்கும், எதை மிச்சம் வைத்துப் போகும்?

முதலில் காற்று. தோவாளையைத் தாண்டியதும் பஸ்ஸின் சன்னல் கண்ணாடியை இறக்கிவிடச் செய்யும் அந்த ஆடிக் காற்றுதான் மாவட்டத்தின் பெரிய சொத்து. காற்றிலிருந்து 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த விசிறியாலும் எடுக்க முடியாது என்பது ஜெர்மன் இயற்பியலாளர் பெட்ஸ் வகுத்த எல்லை. நல்ல இயந்திரங்கள் இன்று 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. அதனால் இனி ஆதாயம் விசிறியின் வடிவத்தில் அதிகம் இல்லை. உயரத்திலும் விட்டத்திலும்தான் இருக்கிறது. உயரே போகப் போகக் காற்று வேகமாக வீசும்; அந்த வேகம் 10 சதவீதம் கூடினால் அதன் ஆற்றல் 33 சதவீதம் கூடுகிறது. விட்டம் இரட்டித்தால் வீச்சுப் பரப்பு நான்கு மடங்காகிறது. ஆனால் ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தல் பகுதியில் தொடக்க காலத்தில் நட்டவற்றுள் பல 225, 250 கிலோவாட் சிறு காற்றாலைகள். நாட்டில் மிக நல்ல காற்று வீசும் நிலங்களுள் ஒன்றை அவை பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை அகற்றிவிட்டு இரண்டு, மூன்று மெகாவாட் இயந்திரங்களை நிறுத்தினால், குறைந்த எண்ணிக்கையில் பல மடங்கு யூனிட் கிடைக்கும். இதற்கென்றே தமிழக அரசு 2024இல் தனிக் கொள்கை வெளியிட்டது. தடை தொழில்நுட்பத்தில் இல்லை. பக்கத்துப் பக்கத்துக் காற்றாலைகளுக்கு வெவ்வேறு உரிமையாளர்கள்; பெரிய இயந்திரத்துக்கோ பல சிறு மனைகளின் இடைவெளி வேண்டும். அவர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் கடினமான வேலை.

மாசுக் கட்டுப்பாட்டில் காற்றும் சூரியத் தகடும் 2016 முதல், மாசு மிகக் குறைந்த தொழில்களுக்கான வெள்ளைப் பட்டியலில் இருக்கின்றன. காற்றாலைக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் கேட்கப்படுவதில்லை. இது எனக்கு உறுத்துகிறது. சுசீந்திரம்–தேரூர் குளங்கள் 2022இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. வலசை வரும் பறவைகளின் வானில் உயரமான விசிறிகளை நிறுத்துமுன் ஒரு பருவமாவது பறவைகளைக் கணக்கெடுக்க வேண்டும்.

நிலக்கரிக்கான சட்டத்தின் கதை வேறு மாதிரி. நிலக்கரிப் புகையில் வரும் கந்தக டை ஆக்சைடுக்கு 2015 டிசம்பரில் வரம்பு வைத்தார்கள். இரண்டு ஆண்டுக் கெடு மீண்டும் மீண்டும் நீண்டது. 2025 ஜூலையில் பெரும்பாலான அலகுகளுக்குக் கந்தகம் நீக்கும் கருவியே கட்டாயமில்லை என்று ஆனது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, நிலையத்தைச் சுற்றிய காற்றில் அளவு வரம்புக்குள் இருக்கிறது என்பது அதற்கான வாதம். இதை நான் ஏற்கவில்லை. அந்த வாயு காற்றில் நெடுந்தூரம் போய்ச் சல்பேட் நுண்துகளாக மாறுகிறது. புகைபோக்கியின் அடியில் மட்டும் அளந்தால் அது அகப்படாது.

மாடிச் சூரியனுக்கு வருவோம். காற்று ஓய்ந்து கிடக்கும் மாசி, பங்குனியில்தான் வெயில் உச்சம். ஒன்று விட்ட இடத்தை மற்றது நிரப்பும். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் நம் ஊரில் வீட்டைவிட உயரமானது தென்னை. எங்கள் தெருவில் ஒருவர் ஆசையாய்த் தகடு பொருத்தினார். மூன்று மணிக்குப் பிறகு ஒரே ஓலையின் நிழல் விழ, வரிசை முழுவதும் சோர்ந்துபோனது. தகடுகள் தொடராக இணைக்கப்படுவதால் ஒன்றின் குறை மற்றவற்றையும் இழுக்கும். நிழல் விழும் மாடிக்குத் தகட்டுக்குத் தகடு தனி மைக்ரோ இன்வெர்ட்டர் (தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சிறு கருவி) தான் ஏற்றது. குளச்சல், மணக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இரும்புச் சட்டத்தை அரித்துவிடும். அலுமினியச் சட்டமும் உப்பு மூட்டச் சோதனையில் தேறிய தகடும் கேட்டு வாங்குங்கள். சிலிக்கானின் மேல் பெரோவ்ஸ்கைட் என்ற புதிய பொருளை அடுக்கிய சிறு சூரியக் கலம் ஆய்வகத்தில் 2024இல் 34.6 சதவீதத்தை எட்டியது உண்மையிலேயே பெரிய செய்தி. ஆனால் ஈரம் பெரோவ்ஸ்கைட்டுக்குப் பகை. நம் கரையோ ஈரத்திலேயே ஊறியது. அதற்காக இன்று காத்திருக்க வேண்டியதில்லை.

ஒக்கிப் புயலுக்குப் பின் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். மின்கம்பியில் மின்சாரம் நின்றால், பேட்டரி இல்லாத மாடித் தகடும் தானாக நின்றுவிடும். கம்பியைச் சரிசெய்யும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது.

என் வரிசை இதுதான்: முப்பந்தலைப் புதுப்பிப்பது முதலில், நிழலில்லாத மாடிகள் அடுத்து, நிலக்கரி இவை இரண்டும் தராத நேரத்துக்கு மட்டும். அந்த நேரத்தையும் சுருக்க நம்மிடமே கோதையாறு இருக்கிறது. 60, 40 மெகாவாட் என இரண்டு நீர்மின் நிலையங்கள். பகலில் வெயில் கொடுக்கும்போது நிறுத்திவைத்து, வீடுகளில் விளக்கு எரியும் மாலையில் ஓட்டலாம். சுழலியைச் சுழற்றிய நீர் பேச்சிப்பாறை அணைக்குத்தான் வந்து சேர்கிறது. மின்சாரம் எடுக்கும் நேரத்தைச் சில மணி தள்ளினாலும் கன்னிப்பூ, கும்பப்பூ நெல் வயல்களுக்கு ஒரு சொட்டும் குறையாது.