ப்ளோயரா, நாணலா? பழையாற்றுக் கரையில் ஒரு கணக்கு

கன்னியாகுமரி மாவட்டத்துப் பழையாற்றுக் கரையில் 250 வீடுள்ள ஒரு ஊர் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேர். ஆளுக்கு 135 லிட்டர், அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்ற வழக்கமான கணக்கில் தினம் 1,08,000 லிட்டர். கக்கூஸ் தண்ணீர் செப்டிக் டேங்குக்கு. குளித்ததும் துவைத்ததும் ஓடைக்கு, ஓடை ஆற்றுக்கு. ஓடை சேரும் இடத்தில் ஆகாயத்தாமரை கரும்பச்சையாகத் தழைத்து நிற்கும். உரம் போட்டது நாம்தான்.

சரி, சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதென்றால் எதைக் கட்டுவது?

ஒன்று, ப்ளோயர் என்ற கரண்ட் ஊதுகருவியால் கழிவுநீருக்குள் காற்று ஊதும் தொட்டி. இதற்குச் சில சென்ட் நிலம் போதும். நம் மாவட்டத்தில் நிலம் விற்கிற விலைக்கு இது சின்ன விஷயமில்லை. ஒழுங்காக ஓடினால் தண்ணீர் தெளிவாக வரும், மீனைக் கொல்லும் அமோனியாவும் குறையும். ஓடினால்! தெரிந்த ஒரு குடியிருப்பில் ப்ளோயர் பெல்ட் அறுந்து, மாற்ற ஆள் வர மூன்று நாள் ஆனது. தவிட்டு நிறத்தில் நுரைத்துக்கொண்டிருந்த தொட்டி கறுத்துப்போய், அழுகிய முட்டை நாற்றம் தெருமுனை வரை வந்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது எத்தனை ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை என்பது நமக்கு மறக்காது.

இன்னொன்று நாணல் படுகை. அதில் முதலில் ஒரு மூடிய தொட்டி. கசடு அதில் தங்கும். அப்புறம் ஜல்லி நிரப்பி நாணலோ கல்வாழையோ நட்ட படுகை. தண்ணீர் ஜல்லிக்குள்ளேயே நகர்வதால் மேலே தேங்காது, கொசுவும் வராது. நிலம் சரிவாக இருந்தால் கரண்டே வேண்டாம். ஆனால் ஆளுக்கு ஒன்று, இரண்டு சதுர மீட்டர் வேண்டும், அதாவது 25 முதல் 50 சென்ட். யார் கொடுப்பார்? கசடை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்காவிட்டால் ஜல்லி அடைத்துக்கொள்ளும், படுகை சாக்கடையாகிவிடும்.

திறந்த குட்டை வெட்டி வெயிலில் விடுவது மூன்றாவது வழி. வெள்ளம் ஏறும் ஆற்றங்கரையில், கிணற்றுக்குப் பக்கத்தில், அது வேண்டவே வேண்டாம்.

எனக்கு முடிவைச் சொன்னது மழைதான். இங்கே ஆடியிலும் பெய்யும், ஐப்பசியிலும் பெய்யும். மழைத்தண்ணீர் கழிவுக்குழாயில் புகுந்தால், காற்றுத் தொட்டியில் மிதந்து கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் அடித்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடும். திரும்ப வளர வாரக்கணக்கில் ஆகும். படுகையிலோ அவை ஜல்லியிலும் வேரிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வழிந்தாலும் பெரும்பாலும் அங்கேயே நிற்கும்.

அதற்காகப் படுகையை முழுசாக நம்பவும் முடியாது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிஞ்சும். ஆறு கடலில் சேரும் மணக்குடியில் பொழி, அதாவது முகத்துவாரம், மணலால் அடைத்துக் கிடக்கும் நாட்களில் அவை கடலுக்குப் போகாமல் காயலிலேயே நிற்கும். அதனால் வெளிவரும் தண்ணீரை ஆற்றில் விடாமல் பக்கத்துத் தென்னந்தோப்புத் தடத்துக்குத் திருப்பினால், அந்த மிச்சம் தென்னைக்கு உரம். கிருமி முழுக்கச் சாகாது என்பதால் கீரைப் பாத்திக்கு மட்டும் விடக்கூடாது.

25 சென்ட் பொது நிலமும், கசடு அள்ள ஊர்க் கணக்கில் தனியாக ஒதுக்கிய பணமும் இருந்தால் நான் நாணலுக்குக் கை தூக்குவேன். நிலமே இல்லையென்றால் ப்ளோயர்தான். வாங்கும்போதே இரண்டாக வாங்கச் சொல்வேன்.