சாஃப்ட் ப்ளே: 16 மாத அனுபவம்

என் மகள் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய 14ஆவது மாதத்தில் அவளை முதன்முதலாக ஓர் உள்ளரங்க சாஃப்ட் ப்ளே கூடத்துக்கு, அதாவது மெத்தென்ற ஃபோம் படிகளும் சறுக்குகளும் பந்துத் தொட்டியும் உள்ள குழந்தைகள் விளையாட்டுக் கூடத்துக்கு, அழைத்துச் சென்றேன். இப்போது அவளுக்கு இரண்டரை வயது ஆகிறது. இடையிலுள்ள 16 மாதங்களில், காய்ச்சலும் சளியும் வந்த வாரங்கள் நீங்கலாக, ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்வந்திருக்கிறோம். பெரும்பாலான நாட்களில் என் தோழியும் உடன் வந்தாள். அவளுக்குக் குழந்தை இல்லை, ஆனால் என் மகளுக்கு அவள்தான் சித்தி. ஒரே ஒரு தடவை போய்வந்தால் பந்துகளின் நிறம் மட்டுமே மனத்தில் நிற்கும் என்பதால், இத்தனை நாள் பொறுத்திருந்து எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது, இந்த வயதுக் குழந்தையோடு இங்கே தனியாகப் போவது எனக்குச் சரிப்பட்டு வரவில்லை என்பதுதான். தோழி வர இயலாத மூன்று நாட்களில் போய்ப் பார்த்துவிட்டே இதைச் சொல்கிறேன். வழிகளும் படிகளும் குழந்தையின் உடலளவுக்கு அமைந்தவை. ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தை உள்ளே போனால் பெரியவரும் பின்னாலேயே நுழைந்தாக வேண்டும். நாம் தவழ்ந்து மறுமுனையை எட்டுவதற்குள் குழந்தை இறங்கி வேறெங்கோ போயிருக்கும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்று நின்றுகொள்ளலாம். எங்கள் ஏற்பாடும் அதுவே.

இரண்டாவது முறை போனபோது, உருளை வடிவச் சுரங்கத்தின் நடுவில் என் மகள் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு முனையில் தலையை நுழைத்து நான் கூப்பிட்டேன். மறுமுனையிலிருந்து தோழி முழங்கால் ரெக்சினில் கிறீச்சிட ஊர்ந்து வந்தாள். இருவரையும் மாறிமாறிப் பார்த்த குழந்தை, யார் பக்கமும் வராமல் அப்படியே மல்லாந்து படுத்துக்கொண்டாள். "இடுப்பு மாட்டிக்கிச்சுடி, சிரிக்க வைக்காதே" என்று உள்ளிருந்து குரல் வந்தது. பின்னால் இரண்டு குழந்தைகள் வரிசையில் காத்திருந்தார்கள். தோழி பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியேற ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும். அன்றிலிருந்து இருவரும் முழங்காலை மூடும் தளர்வான பருத்திக் கால்சட்டைதான் அணிந்து போகிறோம். தொப்பியில் நாடா தொங்கும் சட்டை, நீண்ட துப்பட்டா, மணி வைத்த கொண்டை ஊசி ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. வலையில் சிக்குவதும் பந்துகளுக்குள் விழுவதும் இவைதான்.

குழந்தை அங்கே என்ன செய்வாள் என்று நான் நினைத்ததற்கும் அவள் செய்ததற்கும் தொடர்பே இல்லை. முதல் இரண்டு மாதங்கள் சறுக்கின் பக்கமே அவள் போகவில்லை. ஃபோம் படிகள் மூன்றில் ஏறுவது, திரும்பி உட்கார்ந்து இறங்குவது, மீண்டும் ஏறுவது, அவ்வளவுதான். அந்த வயதுக்கு அதுவே பெரிய வேலை: அழுத்தினால் அமுங்கும் தரையில் நிலை தவறாமல் நிற்பதற்குக் கணுக்காலும் இடுப்பும் ஒவ்வோர் அடியிலும் கணக்குப் போட்டாக வேண்டும். 1 முதல் 2 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குப் பல தவணைகளிலாகக் குறைந்தது 180 நிமிட உடலியக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. மழை விடாமல் பெய்யும் நாட்களில் அந்தக் கணக்கை வீட்டுக்குள் நிரப்ப முயன்றவர்களுக்கு இக்கூடத்தின் அருமை தெரியும்.

மற்ற குழந்தைகளோடு சேர்ந்து விளையாடுவாள் என்ற எதிர்பார்ப்பையும் சீக்கிரமே கைவிட்டேன். ஒரே மாதிரியான பொம்மைகளோடு அருகருகே உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் அவரவர் விளையாட்டில் இருப்பதை மில்ட்ரெட் பார்டன் என்ற ஆய்வாளர் 1932இல் இணை விளையாட்டு என்று வகைப்படுத்தினார். இந்த வயதில் அது முற்றிலும் இயல்பானது. ஒருநாள் என் மகள் முழு நேரமும் ஒரே நீலப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். நூற்றுக்கணக்கான நீலப் பந்துகள் கிடக்க, தோழி வேறொன்றை நீட்டிப் பார்த்தாள். அது வேறு பந்து என்று மகள் கண்டுபிடித்துத் தூக்கி எறிந்துவிட்டாள்.

பந்துத் தொட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கனடாவில் பணியாற்றிய வடிவமைப்பாளர் எரிக் மெக்மில்லன் 1970களில் அறிமுகப்படுத்திய விளையாட்டு இது. உள்ளீடற்ற பந்துகளுக்குள் நடப்பது தண்ணீருக்குள் நடப்பதைவிடக் கடினம். 15 மாதத்தில் மார்பளவு அமிழ்ந்ததும் அவள் கைகளைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டாள். அதன்பின் பல வாரங்கள் விளிம்பில் உட்கார்ந்து கால்களை மட்டும் உள்ளே விட்டாள். இரண்டு வயதுக்குப் பிறகு அங்கிருந்து தூக்குவதே பெரும்பாடு. சுத்தம்தான் சிக்கல். அமெரிக்காவில் இயன்முறை மருத்துவ நிலையங்களின் பந்துத் தொட்டிகளைச் சோதித்து 2019இல் வெளியான ஆய்வு, சுத்தம் செய்வதற்கிடையே நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் இடைவெளி விடப்படுவதையும் பலவகை நுண்ணுயிரிகள் அங்கே பெருகியிருப்பதையும் காட்டியது. என் மகளுக்கு 20ஆவது மாதத்தில் கை, கால், வாய்ப் புண் நோய் வந்தது; எங்கிருந்து தொற்றியது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை என்பதால் கூடத்தின் மீது பழி போட மாட்டேன். வெளியே வந்ததும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவாமல் எதையும் வாயில் வைக்க விடுவதில்லை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோவைரஸ் போன்றவற்றுக்கு ஆல்கஹால் சானிடைசர் அவ்வளவாகப் பலன் தராது.

என் தவறு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். 17ஆவது மாதத்தில் அவளை மடியில் வைத்துக்கொண்டு பெரிய சறுக்கில் இறங்கினேன். வழுக்காமலிருக்க அடியில் ரப்பர் புள்ளிகள் வைத்த அவளது காலுறை பக்கச் சுவரில் பிடித்துக்கொள்ள, கால் பின்னோக்கித் திரும்பியது. கீழே நின்ற தோழி போட்ட சத்தத்தில்தான் கைகளை ஊன்றி நின்றேன். எலும்பு முறியவில்லை, ஆனால் அன்று மாலை வரை அந்தக் காலை ஊன்ற மறுத்தாள். குழந்தை தனியாகச் சறுக்கினால் கால் சிக்கியதும் அவளது சிறு எடைக்கு உடல் நின்றுவிடும்; மடியில் இருக்கும்போது பெரியவரின் எடை முழுவதும் நிற்காமல் கீழே இழுப்பதால், சிக்கிய கால் முறுக்கிக்கொள்கிறது. சின்னஞ்சிறு குழந்தைகளுக்குக் கணைக்கால் எலும்பு முறிவது இப்படித்தான் என்று பரிசோதித்த மருத்துவர் விளக்கினார். அணைத்துக்கொண்டு இறங்குவதுதான் பாதுகாப்பு என்று அதுவரை நம்பியிருந்தேன். அதன்பின் அவளுக்கு ஏற்ற உயரமுள்ள சறுக்கில் மட்டும், தனியாக.

கூடத்தின் பராமரிப்பு சுமார்தான். ஒரு மெத்தையின் மூலையில் ரெக்சின் கிழிந்து மஞ்சள் ஃபோம் தெரிந்ததைத் தோழி கவனித்தாள். பிய்த்து வாயில் போடும் வயது என்பதால் பணியாளரிடம் சொன்னோம். அடுத்த முறை போனபோது அதன்மேல் டேப் ஒட்டியிருந்தார்கள். அதற்கடுத்த முறை அந்த டேப்பின் நுனியை என் மகள் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் சறுக்கில் நிலைமின்சாரம் ஏறித் தலைமுடி குத்திட்டு நிற்பது எங்களுக்கு வேடிக்கை. ஆனால் அது காது கேட்க உதவும் காக்ளியர் கருவியைப் பாதிக்கலாம் என்பதால், அதைப் பொருத்திய குழந்தைகள் வெளிப்பகுதியைக் கழற்றிவிட்டுச் சறுக்குவது நல்லது என்பதை வாசலில் எழுதி வைக்கலாம்.

வார நாளில் திறந்த உடனே போய்விடுவது உத்தமம். பள்ளி விடும் நேரத்தில் பெரிய பிள்ளைகள் வந்துவிட்டால் இரைச்சலில் நம் குரல் நமக்கே கேட்காது, ஓட்டத்தில் சிறியவர்கள் தட்டி விழுவார்கள். ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் நீட்டினால் தூக்கம் கண்ணைச் சுழற்றி, கிளம்பும்போது தரையில் புரண்டு அழுகைதான். "இன்னும் ரெண்டு சறுக்கு" என்று முன்னதாகச் சொல்லி, மூன்றாவதுக்கு இணங்கி, தோழி காலணி மாட்ட, நான் பையை எடுப்பது எங்களிடம் பலிக்கும் முறை.

தோழியோடு ஆற அமரப் பேசலாம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். 16 மாதங்களாக நாங்கள் பேசியதெல்லாம் வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று வீசிய அரை வாக்கியங்கள். அவள் வேலையை விடப் போவதாகச் சொன்ன வாக்கியத்தின் இரண்டாம் பாதியை மூன்று சறுக்குகளுக்குப் பிறகே கேட்டேன். போன வாரம் முதன்முறையாக மகள் தானாக ஏறி இறங்க, நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் சேர்ந்து உட்கார்ந்தோம். பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோது மேல்தட்டின் வலையில் முகத்தை அழுத்திக்கொண்டு அவள் கூப்பிட்டாள்: "சித்தி மேல வா. அம்மா கீழ நில்லு."