தடிமனோடு கொழும்பில்: எதை இப்போது சாப்பிடலாம், எதைத் தள்ளி வைக்கலாம்?

நான்கு நாள் பயணமாகக் கொழும்பு வந்தவருக்கு இரண்டாம் நாளே தடிமன் (ஜலதோஷம்) பிடித்துவிட்டால், வெள்ளவத்தைச் சொந்தக்காரர் முதலில் சொல்வது "ரசமும் சோறும் சாப்பிட்டுட்டுப் படுங்கோ" என்பதுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. காய்ச்சல் இல்லை, நடமாட முடிகிறது என்றால் புதுச் சாப்பாட்டை விட வேண்டியதில்லை. ஆனால் தெரிவு மாற வேண்டும்.

சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு வாசனை. மெல்லும்போது தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும் அந்த வாசனை, அடைப்பு இருந்தால் போய்ச் சேராது. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு எல்லாம் நாக்குக்குத் தெரியும். மிளகாயின் உறைப்பு வலி உணரும் நரம்பு வழியாக வருவதால் அதுவும் தெரியும். சூடும் மொறுமொறுப்பும் அப்படியே இருக்கும். இதை வைத்துத்தான் கொழும்புச் சாப்பாட்டைப் பிரித்துப் பார்க்கிறேன்.

காலையில் இலைக்கஞ்சியா, அப்பமா? இலைக்கஞ்சி என்பது சிவப்பரிசி, தேங்காய்ப்பால், வல்லாரை அல்லது சாத்தாவாரிச் சாறு சேர்ந்த கஞ்சி. சிங்களத்தில் 'கொல கெந்த' என்று கேட்டால் தருவார்கள். கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். புதியவர்களை முகம் சுளிக்க வைப்பது இதன் பச்சை இலை வாசனைதான்; மூக்கடைப்பில் அது பெரிதாகத் தெரியாது. தொண்டைக்கும் இதமான சூடு. அப்பத்தில் மொறு மொறு ஓரமும் மிளகாய் இடித்துச் செய்யும் கட்டச் சம்பலின் உறைப்பும் மூக்கை நம்பி இல்லை, அதனால் அதுவும் நல்ல தெரிவே. தொண்டை வலி இருந்தால் மட்டும் சம்பல் எரிக்கும். என் ஓட்டு கஞ்சிக்கு.

மாலையில் எல்லோரும் காலி முகத்திடலுக்குப் போகச் சொல்வார்கள். அங்கே இறால் வடை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எண்ணெயும் கரகரப்பும் புண்ணான தொண்டைக்கு ஆகாது, கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய அன்னாசி அங்கே கிடைத்தால் சாப்பிடுங்கள், போதும்.

அதைவிட, யாழ்ப்பாணத்து ஒடியல் கூழைத் தேடிப் போங்கள். தடிமனுக்கென்றே செய்தது போல இருக்கும். காயவைத்த பனங்கிழங்கை இடித்த மா, பழப்புளி, அரைத்த செத்தல் மிளகாய், மீன், நண்டு, இறால், பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கை இலை எல்லாம் ஒரே பானையில் கொதித்துக் கெட்டியாகும். புளிப்பும் உறைப்பும் முன்னால் நிற்பதால் அடைத்த மூக்கோடும் ருசி தெரியும். இரண்டு வாய் குடித்ததும் மூக்கு ஒழுகத் தொடங்கும், கைக்குட்டை வேண்டும். யாழ்ப்பாணச் சாப்பாட்டுக் கடைகளிலும் எல்லா நாளும் கிடைக்காது; வெள்ளவத்தைப் பக்கம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தெரிந்த வீட்டில் வைத்துத் தருவார்கள் என்றால் அதற்கு ஈடு இல்லை. நண்டு, இறால் ஒவ்வாதவர்கள் மட்டும் விலகிவிடுங்கள்.

குடிக்க என்றால் பஸ்பங்குவ, சமஹன் இரண்டுக்கும்தான் போட்டி. பஸ்பங்குவ என்பது கொத்தமல்லி, இஞ்சி, மரமஞ்சள், பற்படாகம், கண்டங்கத்தரி ஐந்தும் சேர்ந்த பொட்டலம். வற்ற வற்றக் காய்ச்ச வேண்டும், கசப்பும் அதிகம். சமஹன் 14 மூலிகைகளின் சாறு சேர்ந்த தூள். வெந்நீரில் கரைத்தால் சரி, ஆனால் சீனி உண்டு, நீரிழிவுக்காரர் கவனிக்க வேண்டும். ஹோட்டல் அறையில் சமஹன்தான் நடைமுறைக்கு ஒத்துவரும். இரண்டும் தடிமனைக் குணமாக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சூடே ஒரு ஆறுதல்: 2008இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 30 பேரிடம் ஒரே பழச்சாற்றைச் சூடாகவும் சாதாரண வெப்பநிலையிலும் கொடுத்துப் பார்த்தார்கள். மூக்கில் காற்றோட்டம் மாறவில்லை. ஆனால் சூடாகக் குடித்தவர்களுக்குத் தொண்டை வலியும் களைப்பும் உடனே குறைந்ததாகத் தெரிந்தது.

காய்ச்சல் வந்தால் மட்டும் இந்தக் கணக்கு எல்லாம் நிற்க வேண்டும். கொழும்பில் டெங்கு உண்டு. பாரசிட்டமோல் தவிர அஸ்பிரினோ இபுபுரூஃபெனோ எடுக்காதீர்கள். இரண்டு நாளைத் தாண்ட விடாமல் மருத்துவரைப் பார்த்து இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

தள்ளி வைக்க வேண்டியவை மூன்று. தேயிலை ருசி பார்க்கும் இடங்கள்: மலைக்கு மலை மாறும் மணம் தெரியாமல் வெறும் துவர்ப்புத்தான் மிஞ்சும். தூரியன் பழம்: வாசனை தெரியாமல் சாப்பிடுவது சுலபம்தான், ஆனால் அது தூரியன் சாப்பிட்டதாக ஆகாது. அப்புறம் லம்ப்ரைஸ். பறங்கியர் (ஐரோப்பிய வழிவந்த இலங்கையர்) வீட்டுச் சாப்பாடு. இறைச்சி வேகவைத்த சாற்றில் ஆக்கிய சோறு, கறி, கத்தரிக்காய் மோஜு எல்லாவற்றையும் வாழையிலையில் கட்டி ஓவனில் சூடாக்குவார்கள். வாட்டிய இலையின் மணம்தான் அதற்கு உயிர். கடைசி நாளுக்கு வைத்திருங்கள். அப்போதும் மூக்கு திறக்கவில்லை என்றால் அடுத்த பயணத்தில் பார்த்துக்கொள்ளலாம்.