பித்தளைக்கு ஈயம் பூசுற கடை, கும்பகோணம் பக்கம் இருக்கவங்களுக்காக

மூணு மாசம் முன்னாடி பாட்டி வீட்ட காலி பண்ணப்ப பரண்ல இருந்து ஒரு பித்தளை தவலை, நாலு அடுக்கு, ஒரு வெண்கலப்பானை இறக்கினோம். எல்லாத்துலயும் பாட்டி பேர் புள்ளி புள்ளியா வெட்டியிருக்கு. அண்ணன் பாத்த உடனே எடைக்கு போட்டுடலாம்னாரு, எனக்கு அழுகையே வந்துருச்சு. ரெண்டு நாள் பேச்சு இல்ல. அப்புறம் அவரே சொன்னாரு, "உனக்கென்ன, நீ கடைக்குட்டி, ஒவ்வொரு பொங்கலுக்கும் புளியும் சாம்பலும் வெச்சு இதெல்லாம் தேச்சது நான்தான், கை எரியும்". அது எனக்கு தெரியவே தெரியாது. பாட்டி சமைச்சது மட்டும்தான் எனக்கு ஞாபகம், அவருக்கு தேச்சதுதான் ஞாபகம்.

சரி தேய்க்கிறது என் பொறுப்புன்னு சொல்லிட்டு, புளி பட்டா பித்தளைல களிம்பு ஏறாம இருக்க உள்ள ஈயம் பூச எடுத்துட்டு போனேன். முதல்ல போன ஒரு கடைல ஒரு அடுக்கு குடுத்தேன், உள்ள கருப்பா திட்டு திட்டா வந்துச்சு, காரீயம் (லெட், உடம்புக்கு விஷம்) கலந்திருப்பாங்களோன்னு பயந்து அதுல சமைக்கவே இல்ல. அப்புறம் பெரிய கடைத்தெருவுக்கு பின்னாடி சந்துல ஒரு பெரியவர், போர்டு கூட கிடையாது. என்ன ஈயம்னு கேட்டதும் வெள்ளீயக் கட்டிய (டின், பாத்திரத்துக்கு பூச வேண்டியது இதுதான்) கைல குடுத்து பாருங்கன்னாரு. வெண்கலப்பானைய மட்டும் திருப்பி குடுத்துட்டாரு, இதுக்கு பூச வேணாம்மா அப்படியே பொங்கலாம்னு. காசு பாக்கிறவரா இருந்தா அதையும் வாங்கி வெச்சிருப்பாரு.

அண்ணன் தூக்கி குடுக்க மட்டும்தான் வந்தாரு, ஆனா கடைசி வரைக்கும் நின்னு பாத்தாரு. மணல் போட்டு உள்பக்கம் தேச்சு, கரி அடுப்புல சூடு ஏத்தி, ஈயம் நல்லா ஒட்டுறதுக்கு நவச்சாரப் பொடி (ஒரு வகை உப்பு) தூவினதும் வெள்ளையா புகை வந்துச்சு, ஈயத்த ஒரு இழுப்பு இழுத்து பஞ்சால சுத்தி வழிச்சாரு, கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. வெள்ளீயம் 232 டிகிரியிலயே உருகிடும், அதனால சூடு கொஞ்சம் கூடினாலும் குறைஞ்சாலும் பூச்சு நிக்காது, எல்லாம் அவர் கண்ணளவுதான்.

தவலைக்கும் அடுக்குக்கும் சேத்து 1,800 ரூபா ஆச்சு. ஒரு அடுக்கோட விளிம்புல கொஞ்சம் விட்டுப்போச்சு, காட்டினதும் உடனே திரும்ப பூசி குடுத்தாரு. சொன்ன நாளுக்கு ரெண்டு நாள் லேட், அது ஒண்ணுதான் குறை.

புளிக்குழம்பு வெச்சு பாத்துட்டேன், களிம்பு இல்ல, கசப்பு இல்ல. அண்ணன் ரெண்டு தடவ சாதம் போட்டுக்கிட்டாரு, தவலைய வித்துடலாம்னு இன்னமும் சொல்றாரு.

போறவங்க காலைலயே போங்க, மதியத்துக்கு மேல அடுப்பு அணைச்சிடுவாரு. பூசின பாத்திரத்த கம்பி நார் வெச்சு தேய்க்காதீங்க, வெறும் பாத்திரமா அடுப்புல வெக்காதீங்க, ஈயம் வழிஞ்சிடும்.