காது கேளாதவனுக்குப் போன் இன்டர்வியூ: ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்

காத்மாண்டுவில் காது கேளாத பிள்ளைகளோடு மூன்று மாதம் தன்னார்வலராக இருக்க, ஒரு ஏஜென்சி வழியாக விண்ணப்பித்தேன். பெயர் வேண்டாம். எனக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. ஃபாரத்தில் அதைத் தெளிவாக எழுதியும் இருந்தேன். நான்காம் நாள் மெயில் வருகிறது: "செவ்வாய் காலை 11 மணிக்கு போனில் பேசுவோம்." சைகை மொழி வேலைக்கு ஆள் எடுப்பவர்கள்! கடைசியில் தம்பிதான் எடுத்துப் பேசினான். "அண்ணனுக்கு சைகை தெரியுமா?"ன்னு அவனிடம் கேட்டார்களாம். வீட்டில் ஒரு வாரம் சிரிப்பு.

கட்டணம் முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறார்கள். தங்குமிடம் எங்கே, யாரோடு என்பதற்கு மூன்று மெயில் போட்ட பிறகுதான் பதில்.

இரண்டு நட்சத்திரமும் ஒரே ஒரு விஷயத்துக்கு. கிளம்பும் முன் காத்மாண்டுவிலிருந்து காது கேளாத ஆசிரியர் ஒருவர் வீடியோவில் ஆறு வகுப்பு எடுத்தார். இந்திய சைகை மொழியில் நாம் ஆங்கில எழுத்துகளை இரண்டு கையால் காட்டிப் பழகியவர்கள். நேபாள சைகை மொழியில் தேவநாகரி எழுத்துகளை ஒரே கையில் காட்டுகிறார்கள். என் இடது கை பாட்டுக்கு மேலே வரும். அவர் சிரித்துக்கொண்டே தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக் காட்டுவார். நம் சைகை அப்படியே அங்கே செல்லுபடியாகும் என்று நினைத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

விண்ணப்பிக்கிறவர்கள், வீடியோ அழைப்பும் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று முதல் மெயிலிலேயே எழுதிவிடுங்கள். பணம் அதற்குப் பிறகு கட்டினால் போதும்.