மிக்-15 ஃபோம் ஜெட்: மதுரை வெயிலில் எப்படிப் பறக்கிறது?

உடம்புக்குள் 64 மி.மீ. ஃபேன் வைத்த, ரிமோட்டில் பறக்கும் இந்த மிக்-15 மாடல் கிட்டை வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் புரொப்பெல்லர் மாடலில் கை நன்றாகப் பழகியவருக்கு மட்டும்தான் இது. 1940களின் கடைசியில் வந்த அந்த சோவியத் போர் ஜெட்டுக்கு என்னென்ன குணங்கள் இருந்தனவோ, அவற்றில் பாதிக்கு மேல் இந்தச் சின்ன உடம்பிலும் இருக்கின்றன. அதற்காகவே இது பிடித்துப்போகிறது.

ஒட்டுகிற வேலை ஒரே மாலையில் முடியும். இறக்கையில் மட்டும் அவசரம் கூடாது. அசல் மிக்-15இன் இறக்கை 35 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்தது. கூடவே 2 டிகிரி கீழ்நோக்கி இறங்கியது. பின்சாய்ந்த இறக்கை ஒருபக்கம் சரிந்தால் தானே நிமிரப் பார்க்கும். அந்தக் குணம் அளவுக்கு மீறினால் மூக்கு இடமும் வலமும் ஆட, இறக்கைகளும் சேர்ந்து ஆடும். இதுதான் டச் ரோல். அதை அடக்கத்தான் அந்த 2 டிகிரி. இறக்கை மொத்தம் 70 செ.மீ. என்றால், நுனி, உடம்போடு சேரும் வேரைவிட 12 மி.மீ. தாழ்ந்து நிற்க வேண்டும். பசை காய்வதற்குள் இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

இறக்கை மேல் ஒட்டச் சொல்லும் நான்கு பட்டைகளை அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. காற்று நுனிப்பக்கம் வழிந்தோடாமல் தடுப்பவை அவைதான். வேகம் குறையும்போது பின்சாய்ந்த இறக்கையில் முதலில் தூக்குவிசையை இழப்பது நுனி. நுனியோ எடை மையத்துக்குப் பின்னால் இருக்கிறது. பின்பக்கத் தூக்கு போனதும் மூக்கு தானாக மேலே எழும்பும், வேகம் இன்னும் குறையும், ஒரு இறக்கை தொப்பென்று விழும். அப்போது அய்லரானால், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகையால், நிமிர்த்தப் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். அய்லரானை நடுவில் விட்டு, மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலவேட்டரின் ஸ்டிக்கை முன்னே தள்ளுங்கள். அசல் விமானத்தின் கருவிப் பலகையிலேயே நடுவில் ஒரு வெள்ளைக் கோடு வரைந்திருந்தார்கள். சுழலில் மாட்டிய பைலட் அந்தக் கோட்டைப் பார்த்து ஸ்டிக்கைத் தள்ள வேண்டும். 75 ஆண்டுக்குப் பிறகும் அதே வைத்தியம்தான்.

பெட்டியோடு வரும் கைரோவை, அதாவது ஆட்டத்தைத் தானே திருத்தும் கருவியை, பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். எடை மையம் சரியாகும்வரை அதை அணைத்தே வையுங்கள். பேட்டரி 5 மி.மீ. பின்னால் போயிருந்தாலும் கைரோ அதைச் சமாளித்து, எல்லாம் நன்றாக இருப்பதுபோல் காட்டிவிடும். தரையிறங்கும்போது வேகம் குறைந்து எலவேட்டருக்கு வலு போனதும் குட்டு வெளிப்படும். முதல் பறப்புக்கு மேனுவலில் சொன்ன இடத்தைவிட 5 மி.மீ. முன்னால் மையத்தை வையுங்கள். எலவேட்டர் மேலும் கீழும் 8 மி.மீ., எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்கும் செட்டிங்) 30 சதவீதம் போதும்.

புரொப்பெல்லர் காற்று வாலில் அடிப்பதால் வருகிற உதவி ஜெட்டில் கிடையாது. முழு த்ராட்டில் கொடுத்து, ஃபேன் முழு வேகம் பிடிக்க ஒரு விநாடி பொறுத்து, மட்டமாக வேகமாக எறியுங்கள். சித்திரை வெயிலில் 40 டிகிரி ஏறினால் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிட 8 சதவீதம் குறைவு. அந்த அளவுக்கு ஃபேனின் தள்ளலும் குறையும், இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகமும் 4 சதவீதம் கூடும். மதுரைப் பக்கம் மூன்று செல் கொண்ட 3எஸ் பேட்டரி வேண்டாம், நான்கு செல் கொண்ட 4எஸ் 2200 mAh போடுங்கள். காலை 8 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். டைமர் 3 நிமிடம். ஆடிக் காற்றில் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

இறக்கும்போது த்ராட்டிலை முழுதாக மூடாமல் 30 சதவீதத்தில் பிடியுங்கள். ஃபேன் மறுபடி வேகமெடுக்க நேரமாகும். காய்ந்த கண்மாய்த் தரை இறக்குவதற்கு நல்லதுதான், ஆனால் கருவேல முள் ஃபோமில் ஏறிவிடும், புழுதி ஃபேனுக்குள் போகும். இறக்கியவுடன் ஜெட்டின் மூக்குத் துளை வழியே ஊதிப் பாருங்கள். பெருங்குடி, அவனியாபுரம் பக்கம் போகவே கூடாது. விமான நிலையம் அங்கேதான்.

பெரிய குறை எலவேட்டரை அசைக்கும் கம்பி. மெலிது, நடுவில் தாங்கலும் இல்லை. வேகத்தில் அது வளைவதால் ஸ்டிக்கை முழுதாக இழுத்தாலும் எலவேட்டர் பாதிதான் திரும்புகிறது. பறக்கவிடும் முன்பே 2 மி.மீ. கார்பன் கம்பியாக மாற்றி, நடுவில் ஒரு வளையம் ஒட்டிவிடுங்கள்.